ஐஸ்பெட்டியில எங்க ரத்தம்

கையெழுத்துப் போட்டுட்டீங்களா அம்மிணி? போட்டாச்சா. சரி விடுங்க, போட்டதுக்கப்பறம் பேசி என்ன ஆகப்போகுது. உள்ள போயிருக்கறது உங்க வூட்டுக்காரருங்களா? பயப்படாதீங்க. அந்த மெசினுக்குள்ள ஒண்ணும் ஆகாதுங்க. டமடமன்னு சத்தம் வரும், அவ்வளவுதான். ஆராய்ச்சிக்குன்னு என்னையும் ஒரு நாள் ஊர்ல இருந்து இங்க கூட்டியாந்தாங்க, நானும் படுத்து எந்திரிச்சவன்தான். ஆகறதெல்லாம் வூட்டுக்குப் போனதுக்கப்பறம்தான் ஆகுமுங்க.

நான் காலையில இருந்து இந்த பெஞ்சுலதான் உக்காந்திருக்கறேன். யாரைப் பாக்கோணும்னு வாட்ச்மேன் வந்து வந்து கேக்கறான். பாக்க வேண்டியவங்களையெல்லாம் பாத்தாச்சுங்க. எந்திரிச்சுப் போயி பஸ் ஏற வேண்டியதுதான் பாக்கி. அதுக்குத்தான் கால் வர மாட்டேங்குது.

நமக்கு வெள்ளக்கோயில் பக்கமுங்க. பேரு சென்னியப்பன். தேங்காக் களம் வெச்சிருக்கறேன். காய் வாங்கி ஒடைச்சு, பருப்பைக் காயப்போட்டு, எண்ணெய் ஆலைக்கு ஏத்தி விடறது. ஊர்ல நாலு பேரு மதிக்கற ஆளுங்க நான். ஒரு வார்த்தை சொன்னா ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கேக்கும். அதுதான் இப்ப வெனையாப் போச்சு.

போன வைகாசியில கோயில் நோம்பி சாட்டியிருந்தப்ப இந்த யுனிவர்சிட்டிக்காரங்க எங்க ஊருக்கு வந்தாங்க. ஒரே கார்ல மூணு டிபார்ட்மெண்ட்டு. மூளைக்கு ஒரு ஆளு, ஜீனுக்கு ஒரு ஆளு, மனுசன் நடந்துக்கறதைப் பாக்கறதுக்கு ஒரு மேடம். வைதேகி மேடம்னு பேரு. மூணு பேரும் சேந்து ஒரே ஆராய்ச்சிங்களாம். ஒரு மனுசனுக்குக் கோவம், பயம், பிடிவாதமெல்லாம் ரத்தத்துல வருதா, மூளையில வருதா, வளப்புல வருதான்னு கண்டுபுடிக்கோணுமாம். எங்க ஊர்ல தலைமுறை தலைமுறையா அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் முடிச்சுக்கறோம் பாருங்க, அதனால எங்க ரத்தம் ஆராய்ச்சிக்கு ரொம்ப வசதின்னாங்க.

எனக்குப் பெருமையாப் போச்சுங்க. ஏன் பொய் சொல்லோணும். யுனிவர்சிட்டிக்காரங்க களத்துக்கே தேடி வந்து, கட்டில்ல உக்காந்து எளநி குடிச்சுட்டு, ‘நீங்கதான் ஒத்துழைக்கணும் சார்’னு கேக்கறாங்க. நான் அந்த மேடத்துக்குச் சேனை வெக்கற சமாச்சாரம் சொன்னனுங்க. உங்க பக்கமும் உண்டுங்களா? பொறந்த குழந்தை வாயில சக்கரைத் தண்ணி மொதல்ல யாரு தொட்டு வெக்கறாங்களோ அவங்க குணம் குழந்தைக்கு வந்துரும். இது என்ன கணக்குல வரும், ரத்தமா வளப்பான்னு கேட்டேன். அந்தம்மா சிரிக்கலைங்க. மறுபடி சொல்லச் சொல்லி எழுதிக்கிட்டாங்க. நம்ம பேச்சையும் மதிச்சு எழுதறாங்களேன்னு அன்னைக்கே அவங்க பக்கம் சாஞ்சுட்டேன்.

என்ற பொண்ணு மோகனப்பிரியாவுக்குச் சேனை வெச்சது எங்க மரகதக்காதானுங்க. எனக்கு ஒரே அக்கா. எங்கம்மா களத்து வேலைக்குப் போயிட்டா என்னை இடுப்புல வெச்சுட்டு அலைஞ்சவ. மோகனா பொறந்த அன்னைக்கே சேனையைத் தொட்டு வெச்சுட்டு, ‘இவ எம் மவன் பூபதிக்குத்தான், வேற எவனும் வாசப்படி மிதிக்கக் கூடாது’ன்னு சொன்னா. நானும் சரின்னேன். எங்களுக்குள்ள பேச்சு அவ்வளவுதானுங்க. பத்திரமா எழுதிக்குவோம்?

எங்கக்கா குணம் அப்படியே மோகனாவுக்கு. ரெண்டும் அழுத்தமான ஆளுக. எங்கக்காளைக் கட்டிக் கொடுத்தப்ப, அது ஒரு மாசம் ஆருகிட்டயும் வாயைத் தொறந்து பேசலைங்க. மாமனை அதுக்குப் புடிக்கலைன்னு ஊர்ல ஏதேதோ சொன்னாங்க. அப்பறம் தன்னால சரியாப் போச்சு. ரெண்டு குழந்தை, தோட்டம், தொரவுன்னு நல்லாத்தான் இருக்குது. அதெல்லாம் பொண்ணுகளுக்குச் சரியாப் போயிருமுங்க.

எங்க உட்டேன்? ஆங், கேம்ப்பு. கல்யாண மண்டபத்துல போட்டாங்க. நாந்தான் ஊடு ஊடாப் போயி ஒறம்பரையெல்லாம் கூட்டியாந்தேன். வர மாட்டேன்னவனையும் வண்டியில உக்கார வெச்சுக் கூட்டியாந்தேன். ரத்தம் எடுத்தாங்க. குழாயில எச்சி துப்பச் சொன்னாங்க. தலையில வலையாட்ட ஒண்ணை மாட்டி ஒயரு குடுத்தாங்க. ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸும் குடுத்தாங்க, அதுக்குக் குறை சொல்லக் கூடாது.

அப்பறம் ஒரு கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெச்சு மூஞ்சியா காட்டுனாங்க. இது கோவமா இருக்கற மூஞ்சியா, பயந்த மூஞ்சியா, அழுவற மூஞ்சியான்னு பாத்துப் பொத்தானை அமுத்தோணும். ஆம்பளை மூஞ்சியெல்லாம் சரியாச் சொல்லிப்போட்டனுங்க. பொம்பளை மூஞ்சி எனக்கு எல்லாம் ஒண்ணாட்டத்தான் இருந்துச்சு. பயந்ததையும் நான் கோவம்னே அமுத்திட்டு வந்திருக்கறேன். அங்கிருந்த பையன் ‘பரவால்லீங்க சார், இதுல தப்பு சரின்னு ஒண்ணும் இல்லை’ன்னான். மோகனா எனக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டே இருந்தா.

பூபதி தங்கமான பையனுங்க. போர்வெல் லாரி ஓட்டறான். வருசத்துல பாதி வடக்கதான், போபால், நாக்பூர்னு. சம்பாத்தியத்துக்குக் குறைச்சல் இல்லை. கோவம் மட்டும் கொஞ்சம் சட்டுன்னு வரும். கை ஓங்கிருவான். வேலைக்கு வந்த பையன் ஒருத்தனுக்குப் பல்லு போச்சு, அதை ஆஸ்பத்திரி செலவு பண்ணிச் சரிக் கட்டியாச்சு. நோம்பி அன்னைக்குக் கோயில் வாசல்ல அத்தனை பேரு முன்னால அவன் தங்கச்சி வினோதினியை ஓங்கி ஒரு அறை உட்டான். என்னமோ போன்ல பேசிட்டிருந்தாளாம். தங்கச்சியைத்தானுங்களே அடிச்சான், அடுத்த ஊட்டுப் புள்ளையையா அடிச்சான்? இந்த மோகனா அன்னைக்குச் சோறு உண்ணலை. அடி வாங்கினவ உண்டுட்டா, பாத்தவ உண்ணலை. எனக்கு அது ஏன்னே வெளங்கலைங்க.

என்னங்க? அவ எதுனாச்சும் சொன்னாளான்னு கேக்கறீங்களா? சொன்னாங்க. பாத்திரம் கழுவிட்டிருக்கறப்ப ஒரு தடவை, ‘அப்பா, எனக்கு பூபதி மச்சான் வேண்டாமுங்க’ன்னா. சரி பாக்கலாம் கண்ணுன்னேன். அவங்கம்மாகிட்டயும் சொல்லியிருக்கறா. கமலவேணி வந்து எங்கிட்ட இழுத்து இழுத்துச் சொன்னா. பொண்ணுக எல்லாம் மொதல்ல அப்படித்தான் சொல்லும், எங்கக்கா மொரண்டு புடிக்காததான்னேன். அப்பறம் மோகனா அதைப் பத்திப் பேசவே இல்லை. பேசாம இருந்தா ஒத்துக்கிச்சுன்னுதானுங்களே அர்த்தம்?

புரட்டாசி கழிஞ்சு அக்காளும் மாமனும் நாள் குறிக்க வந்தாங்க. தை மாசம் வெச்சுக்கலாம்னு. பழம், பூவு எல்லாம் தாம்பாளத்துல இருக்குது. மோகனா காப்பி கொண்டாந்து வெச்சா. வெச்சுட்டு உள்ள போகலை. நின்னா. ‘அப்பா, யுனிவர்சிட்டியில இருந்து எனக்கு போன் பண்ணியிருந்தாங்க’ன்னா. என்ன கண்ணுன்னேன். ‘என்ற ரத்தமும் பூபதி மச்சான் ரத்தமும் சேரக்கூடாதாமுங்க. சேந்தா பொறக்கற குழந்தைக்கு மூளை வளராதாம்’ அப்படிங்கறா. நிதானமாச் சொன்னா. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினதாட்ட.

அக்கா காப்பியைக் குடிக்கலைங்க. டம்ளரைத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சா. ‘என்ற ரத்தம் கெட்டுப் போச்சாடா சென்னி? அது உன்ற ரத்தமும்தான்டா’ன்னா. அதுதான் எங்கிட்ட அவ கடைசியாப் பேசினது. நான் களத்து வழியா அவ பின்னாலயே போனேன். கார்க் கதவைச் சாத்திக்கிட்டா.

ஆனா பாருங்க, நான் மோகனாவை ஒரு வார்த்தை திட்டலை. எதுக்குத் திட்டறது? அவ மேல என்ன தப்பு? ரத்தம் சேரலைன்னா அவ என்ன பண்ணுவா. பெரிய படிப்புப் படிச்சவங்க மெசின் வெச்சுப் பாத்துச் சொல்றாங்க, நாம இல்லைன்னு சொல்ல முடியுமா? மனசு ஒடைஞ்சு போச்சுதான், ஆனா ஒத்துக்கிட்டேன். அன்னைக்கே ஒத்துக்கிட்டேன்.

அதோட முடிஞ்சிருந்தாப் பரவால்லைங்க. ஊர் வாய் சும்மா இருக்குங்களா? மரகதம் குடும்பத்துல மூளைக் கோளாறு இருக்குது, யுனிவர்சிட்டியிலயே கண்டுபுடிச்சுட்டாங்கன்னு கெளப்பி உட்டுட்டாங்க. வினோதினிக்குப் பெருந்துறைப் பக்கம் ஒரு நல்ல எடம் அமைஞ்சு, பேசி முடிக்கற நேரம். அவங்க வேண்டாம்னு ஆள் உட்டுச் சொல்லிட்டாங்க. அப்பறம் வந்த எடமும் தட்டிப் போச்சு. இப்ப எங்க ஒறம்பரையில எந்த ஊட்டுப் பொண்ணுக்குப் பேசினாலும், ‘அந்தக் குழாயில துப்பினவங்களா நீங்க’ன்னு கேக்கறாங்களாம். எல்லாரும் களத்துக்கு வந்து என்னைத்தான் புடிச்சுக்கறாங்க. உன் பேச்சைக் கேட்டுத்தானப்பா துப்பினோம்னு ஒருத்தர் டிபன் பாக்ஸைக் கொண்டாந்து எம் முன்னால வீசிட்டுப் போனாருங்க. அக்கா ஊட்டுக்குப் போனா, கேட்டுக்கு உள்ள நின்னுட்டு வினோதினிதான் சொல்றா, ‘அம்மா இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க மாமா’ன்னு. அந்தப் புள்ளை கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்குது. எனக்கு அங்கயே உக்காந்து அழுகலாமாட்ட இருந்துச்சுங்க.

அதனாலதான் இங்க வந்தேன். ஒண்ணும் பெருசாக் கேக்கலைங்க. எங்கக்காளுக்கு ஒரு போன் போட்டு, உங்க ரத்தத்துல கோளாறு இல்லீங்கம்மா, வேற எடத்துல தாராளமாக் கட்டிக் கொடுக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லோணும். அவ்வளவுதான்.

மொதல்ல மூளைக்காரர்கிட்டப் போனேன். எங்க வேலை படம் எடுக்கறதோட சரி, ரத்தம் ஜீன் டிபார்ட்மெண்ட்டுன்னாரு. மாடியேறி ஜீன்காரர்கிட்டப் போனேன். எங்ககிட்ட வெறும் நம்பர்தான் சார் இருக்கு, பேரே கிடையாது, யாரு என்னன்னு எங்களுக்குத் தெரியக்கூடாதுங்கறதுதான் விதி, ஜனங்ககிட்டப் பேசறது நடத்தை டிபார்ட்மெண்ட்டுன்னாரு. மறுபடி கீழ எறங்கி வந்தா, மேடம் கிளாஸ்ல இருக்கறாங்க, குழுவுல கேட்டாத்தான் எதுவும் சொல்ல முடியும்னு அங்கிருக்கற பொண்ணு சொல்லுது. எங்க ஊருக்கு வரப்ப மூணு பேரும் ஒரே கார்ல வந்தாங்க அம்மிணி. இப்ப நான் வந்தா ஆளுக்கொரு மாடியில இருக்கறாங்க.

மத்தியானம் வைதேகி மேடம் வந்தாங்க. என்னைப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சு, ‘சேனை சொன்னீங்களே’ன்னு சிரிச்சாங்க. உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சாங்க. நான் எல்லாத்தையும் சொல்லச் சொல்ல அந்தம்மா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. ‘சார், நாங்க யாருக்கும் போன் பண்ணலை’ன்னாங்க.

‘எம் பொண்ணுக்குப் பண்ணியிருக்கறீங்களேம்மா.’

‘இல்லை சார். தனிப்பட்ட ஆளுக்கு ரிசல்ட் சொல்றதே எங்க திட்டத்துல கிடையாது. நீங்க கையெழுத்துப் போட்டப்பவே படிச்சுக் காட்டினோம். ஆயிரம் பேரைச் சேர்த்து மொத்தமா என்ன தெரியுதுன்னுதான் பாப்போம். அதோட...’ன்னு நிறுத்தினாங்க. ‘உங்க ஊர் சாம்பிள் எதையும் நாங்க இன்னும் பிரிக்கவே இல்லை. அதுக்கான மருந்து வரணும். எல்லாம் அப்படியே ஃப்ரீசர்லதான் இருக்கு.’

எங்க ஒறம்பரை ரத்தம் மொத்தமும் மேல ஒரு ஐஸ்பெட்டியில கெடக்குதுங்க. யாரும் தொடலை. மூடியைக்கூடத் தொறக்கலை. அதுக்குள்ள கீழ ஒரு குடும்பமே நாசமாப் போச்சு.

‘அப்ப அந்த ரத்தம் நல்ல ரத்தம்தானுங்களே? அதைத்தான் எங்கக்காகிட்டச் சொல்லோணும்’னேன். ‘அதையும் நான் சொல்ல முடியாது சார், பார்க்காம எப்படிச் சொல்றது’ங்கறாங்க. சொந்தத்துல கட்டினா எல்லாருக்கும் பொதுவாக் கொஞ்சம் ஆபத்து கூடத்தானாம், அதுக்கு ஆஸ்பத்திரியில தனியா டெஸ்ட்டு இருக்குதாம், ஆலோசனை சொல்றவங்க இருக்கறாங்களாம். யாருக்கு வேணுமோ அவங்களே வந்து கேக்கோணுமாம். ‘போன் வரலைங்கறதை மட்டுமாச்சும் சொல்லுங்க’ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். ‘அது உங்க பொண்ணு விஷயம் சார், அவங்க சம்மதம் இல்லாம உங்க அக்காகிட்ட நான் பேசக் கூடாது’ன்னாங்க. கெட்டதுன்னும் சொல்ல மாட்டாங்க, நல்லதுன்னும் சொல்ல மாட்டாங்க. எந்தப் பக்கம் போனாலும் கதவு சாத்தியிருக்குது.

எனக்கு ரோசனை எங்கெங்கயோ போச்சுங்க. யாரோ வேணும்னே இவங்க பேரைச் சொல்லி மோகனாவுக்குப் போன் பண்ணியிருக்கோணும். எங்க பங்காளி ஒருத்தன் இருக்கறான், களத்துப் பக்கத்து வண்டித் தடத்துக்கு எங்ககூட வழக்கு நடத்தறவன், அவனாட்டத்தான் இருக்கும்னு மேடத்துகிட்டயே சொன்னேன். இல்லைன்னா இங்க வேலை செய்யற பையன் எவனாச்சும் வெளையாண்டிருப்பான், நம்பரை வெச்சுக் கண்டுபுடிங்கன்னேன். அந்தம்மா என்னையே பாத்துட்டு இருந்தாங்க. அது என்ன மூஞ்சின்னு எனக்குத் தெரியலை.

‘உங்க பொண்ணுகிட்டக் கேட்டீங்களா சார்?’னாங்க.

‘அவகிட்ட என்னத்தைங்க கேக்கறது? ரத்தத்தைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?’னேன்.

‘ரத்தத்தைப் பத்தி இல்லை சார்’னாங்க. அவ்வளவுதான். அப்பறம் அவங்களுக்கு யாரோ போன் பண்ணிட்டாங்க. நான் எந்திரிச்சு வந்து இங்க உக்காந்தவன்தான்.

என்ன அம்மிணி அப்படிப் பாக்கறீங்க? நீங்களும் அதையேதான் கேக்கறீங்க, இல்லீங்களா? கேக்கறீங்க. தெரியுது.

நான் முட்டாள் இல்லைங்க. இந்த பெஞ்சுல உக்காந்து எத்தனை நேரமாச்சு. போன் வரலைன்னா வரலைதான். பங்காளியும் பண்ணலை, ஒருத்தனும் பண்ணலை. எந்திரிச்சு வூட்டுக்குப் போனா மோகனா வாசலுக்கு வருவா. என்னப்பா சொன்னாங்கன்னு கேப்பா. நீ ஏன் கண்ணு அப்படிச் சொன்னீன்னு நான் கேக்கோணும். கேட்டாச் சொல்லிப்போடுவாளுங்க. அதுதான் பயமா இருக்குது. ரத்தம் வேண்டாம்னு சொன்னப்ப எனக்குத் தாங்க முடிஞ்சுது. அது ஆரு குத்தமும் இல்லை. எம் பொண்ணே வாயைத் தொறந்து வேண்டாம்னு சொல்லிட்டா, நான் அதை எங்கக்காகிட்ட எந்த வாயில சொல்லுவேன்? சொல்லாம உட்டா வினோதினி கதி என்ன? அந்தப் புள்ளை ஒரு பாவமும் பண்ணலைங்க. சொன்னா, இவளை ஊரு என்ன பேசும்? பூபதி சும்மா இருப்பானா? எனக்கு ஒண்ணும் தெரியலை அம்மிணி. களத்துல ஒரு காயைத் தட்டிப் பாத்தா உள்ள என்ன இருக்குதுன்னு சொல்லிருவேன். பெத்த பொண்ணுகிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியலை.

இருங்க, போன் அடிக்குது. அவதான். மத்தியானத்துல இருந்து விடாம அவதான் கூப்புடறா. நான் எடுக்கலை. உண்டுட்டீங்களா, பஸ் ஏறிட்டீங்களான்னு கேப்பா, வேறென்ன. அவளுக்கும் பயமாத்தான் இருக்கும், இல்லீங்களா? நான் எங்க வந்திருக்கறேன்னு அவளுக்குத் தெரியும்.

அம்மிணி, ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா? உங்க வூட்டுக்காரரு வர்றதுக்கு இன்னும் நேரமாகும். நீங்க பொம்பளை, உங்ககிட்டச் சொல்லுவா. ‘உங்கப்பா பக்கத்துல உக்காந்திருக்கறேன்’னு வேணும்னா சொல்லிருங்க, பொய் வேண்டாம். நீ ஏன் சாமி அப்படிச் சொன்னீன்னு மட்டும் கேளுங்க. அதட்டிக் கேக்காதீங்க. இந்தாங்க, புடிங்க, நின்னுறப் போகுது. அந்தப் பச்சையை இந்தப் பக்கமாத் தள்ளுங்க. ஆங், அப்படித்தான்.

அவ அழுதான்னா மட்டும் போனை எங்கிட்டக் குடுத்துறாதீங்க. எனக்கு அதுக்கு என்ன பேசறதுன்னு தெரியாதுங்க.